மகள் தூதராக வேண்டும் என்கிறாள்: கிருஷ்ணகிரி அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கும் மகள் தூதராகப் போகிறேன் என்றதும், அவள் கல்யாணத்தை நினைத்துத் தயங்கியதோடு, "அது கட்சிக்காரங்களுக்குக் கொடுக்கிற பதவியாச்சே, டெல்லியில் நமக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலையை முதலில் விடுங்கள். அரசியல் வழியாக வந்த தூதர்கள் நம் நாட்டிலும் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலான தூதரகங்களில் தலைவராக இருப்பவர் யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரியாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர்.

பக்கத்துக் குடகைச் சேர்ந்த சி.பி.முத்தம்மா அப்படி வந்தவர். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். 1970-ல் ஹங்கேரிக்குத் தூதரானார். அப்போது பெண் அதிகாரி கல்யாணம் செய்யவே அரசின் அனுமதி வாங்க வேண்டும். பின்னால் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் வந்த தீர்ப்பு அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தது. மகளின் கல்யாணத்தை நினைத்துத் தயங்கும் உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வேலை கிடைத்த உடனே யாரும் தூதராவதில்லை. முசூரி, டெல்லியில் பயிற்சி. அப்புறம் ஒரு வெளிநாட்டு மொழியை ஒதுக்கி, தூதரகத்தின் தொடக்கநிலைப் பதவியான மூன்றாம் செயலராக வெளிநாடு அனுப்புவார்கள். தூதர் நாற்காலிக்குப் பொதுவாக 20 வருடம் போல ஆகும். அப்போதும் நம் அரசு மட்டும் முடிவெடுத்தால் போதாது. போகும் நாட்டிடம் பெயரைச் சொல்லி முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். 1961 வியன்னா உடன்படிக்கைப்படி, காரணம் சொல்லாமலே அவர்கள் மறுக்கலாம். சம்மதம் வந்தபிறகுதான் அறிவிப்பு. நம் குடியரசுத் தலைவரின் நியமனக் கடிதத்தை அந்த நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுத்துப் பொறுப்பேற்பார்.

நமக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று நினைக்காதீர்கள். நம் ஊர் மாங்கூழ் வாங்கிய வெளிநாட்டு வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்தால், ஏற்றுமதியாளர் உதவி கேட்டுப் போவது அங்குள்ள தூதரகத்தின் வணிகப் பிரிவிடம்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? கடன் வாங்கி டெல்லி கோச்சிங் வேண்டாம். முதலில் டிகிரி முடியட்டும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, யு.பி.எஸ்.சி.யின் முதல் கட்டமான முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கொடுக்கிறார்கள். அதை அவள் குறி வைக்கலாம். அடுத்த கட்டமான முதன்மைத் தேர்வையும் (ஆங்கிலத் தகுதித் தாள் தவிர) நேர்முகத்தையும் தமிழிலேயே முடிக்கலாம். ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் தினமும் ஓர் ஆங்கில நாளிதழை இன்றிலிருந்தே படிக்கச் சொல்லுங்கள்.

இடம் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். 2023 தேர்வில் ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு 37 இடம்தான். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் வந்தால் 35 வயதுவரை 9 முறை எழுதலாம். இருந்தாலும் மூன்று முறைக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் டி.என்.பி.எஸ்.சி. பக்கமும் திரும்பட்டும், அதே படிப்பு பாதிக்கு மேல் உதவும். இதை இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசி வையுங்கள்.