போனை வைப்பது மரியாதைக் குறைவு இல்லை

வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்பவர், தபால் அலுவலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலங்கைமான் பக்கத்தில் தன் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் செல்போன் பாதுகாப்பு வகுப்பைக் கட்டணம் வாங்காமல் நடத்தி வருகிறார்.

கேள்வி: எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ‘பிஎம் கிசான் புதிய பட்டியல்’ என்று ஒரு ஃபைல் வந்தது. அனுப்பியவர் பக்கத்து வயல்காரர். திறந்தேன். ஏதேதோ அனுமதி கேட்டது, கொடுத்தேன். இப்போது என் போனிலிருந்தும் அதே ஃபைல் எல்லோருக்கும் போகிறது என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு விவசாயி, பாபநாசம்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் வந்த அன்றே நாம் பேசிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அது பட்டியல் இல்லை, ஆப். பெயரின் கடைசியில் ஏபிகே என்று மூன்று எழுத்து இருந்திருக்கும். பட்டியல் என்றால் பிடிஎஃப்பாக வரும், இல்லையென்றால் படமாக வரும். நீங்கள் கொடுத்த அனுமதிகளில் ஒன்று, உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி. அதைக் கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். பக்கத்து வயல்காரர் மேல் கோபப்படாதீர்கள். அவர் அனுப்பவில்லை, அவர் போனில் உட்கார்ந்துகொண்ட அந்த ஆப் அனுப்பியது. தெரிந்தவர் பெயரில் வந்தது என்பதை இனி ஒரு நம்பிக்கையாகவே வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்படி ஆகிவிட்டால் முதல் வேலை, போனில் விமானப் படம் போட்ட பொத்தானைத் தட்டுவது. அதைத் தட்டினால் நெட்டும் டவரும் இரண்டும் நின்றுவிடும். வைஃபை தனியாக ஓடினால் அதையும் அணையுங்கள். அடுத்தது, வீட்டில் உள்ள வேறொருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930, அதுதான் இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண். அதெல்லாம் முடிந்த பிறகுதான் போனைச் சரிசெய்வது. ஆப்பை நீக்கினால் மட்டும் போதும் என்று விடாதீர்கள். போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, போனையே புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவருவது நல்லது. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் அதையும் நீக்குங்கள்.

பிஎம் கிசான் என்பது ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் இ-சேவை மையத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுவிட்டுப் பணம் ஏறிவிட்டதா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் இப்படி ஒன்று வந்தால் யாராக இருந்தாலும் கை போகத்தான் செய்யும். உங்கள் மேல் தப்பு இல்லை.

கேள்வி: என் அம்மாவை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி மூன்று மணி நேரம் வீடியோ காலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். போலீஸ் உடுப்பு, பின்னால் கொடி, எல்லாம் இருந்ததாம். 1,40,000 ரூபாய் போய்விட்டது. அம்மா இப்போது வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.
– வாசகி, குத்தாலம்

பதில்: சகோதரி, ஒரு கேள்வியை மட்டும் அம்மாவிடம் கேட்காதீர்கள்: “இவ்வளவு தெரிந்தும் எப்படி ஏமாந்தாய்?”

நாங்கள் கேட்டோம், என் அக்காவிடம். கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு செய்தி. அதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். 38,000 ரூபாய் போனது. ஆறு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரை வாங்கக் காசு இல்லாமல் என்னிடம் 500 ரூபாய் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வங்கிக்கு அழைத்துப் போனேன். கவுன்டரில் இருந்தவர், “நீங்கதானேம்மா ஓடிபி சொன்னீங்க” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அக்கா அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவே இல்லை. நான் இந்த வகுப்பை ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது. போலீஸ், சிபிஐ, அமலாக்கத்துறை, யாரும் வீடியோ காலில் கைது செய்ய மாட்டார்கள். வழக்கை முடிக்க, கணக்கைச் சரிபார்க்க என்று பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே மனதின் குரல் வானொலி உரையில் இதைச் சொன்னார். “வீட்டில் யாரிடமும் சொல்லாதே, போனை வைக்காதே” என்று ஒருவன் சொன்னால், அந்த ஒன்றே போதும் அவன் யார் என்று தெரிந்துகொள்ள. உண்மையான அதிகாரி பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிடச் சொல்வார்.

பணத்துக்கு வருகிறேன். இப்போதே 1930-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். பணம் போன நேரம், தொகை, வங்கிச் செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண், இதெல்லாம் கையில் இருக்கட்டும். ஏன் அவசரம் என்றால், ஒரு கணக்கில் விழுந்த பணம் அங்கேயே நிற்காது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என்று தண்ணீர் பிரிவது போல ஐந்து கணக்கு, இருபது கணக்கு என்று பிரிந்து ஓடிவிடும். தலைமதகிலேயே பலகையை இறக்கினால் பிடித்துவிடலாம். வயலில் பாய்ந்துவிட்டால் கஷ்டம். நாள் கடந்திருந்தாலும் புகார் கொடுங்கள், எங்காவது ஒரு கணக்கில் முடங்கிக் கிடந்தால் திரும்ப வாய்ப்பு உண்டு.

வங்கிக்கும் எழுத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. ஓடிபி சொன்னது போன்ற தவறு நம் பக்கம் இருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு அந்த வழியில் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தவறு நம் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு இழப்பே இல்லை. கவுன்டரில் யாராவது முகத்தைச் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டேன். வாங்குகிறவர் க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்கிறார். போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: போடாதீர்கள். பணம் வாங்க பின் வேண்டவே வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், ஒருநாளும் வராது.

கேள்வி: கல்லூரியில் சீனியர் ஒருவர், என் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் மூன்று மாதம் கொடுத்தால் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஏதோ கம்பெனி வரவு செலவாம். வீட்டில் கஷ்டம்.
– மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, வீட்டுக் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் கொடுக்காதே. மேலே ஓர் அம்மாவின் 1,40,000 ரூபாயைப் பற்றிப் படித்தாய் அல்லவா? அந்தப் பணம் போய் இறங்கும் வாய்க்கால்தான் அவன் உன்னிடம் கேட்கும் கணக்கு. போலீஸ் தேடி வரும்போது பேர், ஆதார், கையெழுத்து எல்லாம் உன்னுடையதாக இருக்கும். வேறு மாநிலத்திலிருந்து நோட்டீஸ் வரும். கணக்கு முடங்கும், உன் உதவித்தொகையும் அதோடு நிற்கும். நாளைக்கு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போனால் வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

உன் பேரில் சிம் கார்டு வாங்கித் தரச் சொன்னாலும் இதே பதில்தான். உன் பேரில் ஏற்கெனவே எத்தனை எண் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உனக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘இது என்னுடையது இல்லை’ என்று பதியலாம். ஏற்கெனவே கார்டைக் கொடுத்துவிட்டாய் என்றால் பயந்து ஒளியாதே. இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்து. அப்பாவையோ ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: எங்கள் ஊரிலும் இப்படி ஒரு வகுப்பு நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது? கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டுமா?
– மகளிர் குழு உறுப்பினர், நன்னிலம்

பதில்: வேண்டாம். நான் படித்ததில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மாதம் நான் தப்பாக நடத்தினேன். பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டி, இவருக்கு இத்தனை லட்சம் போனது, அவருக்கு இத்தனை என்று படித்துக் காட்டினேன். வந்தவர்கள் பயந்துபோனார்கள், அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. அப்புறம்தான் வழியை மாற்றினோம். இப்போது என் தம்பி மகன் நூலகத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, வகுப்பில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவான். “மேடம், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆகப்போகுது.” வைக்க வேண்டும், அதுதான் பாடம்.

நூறு நாள் வேலைக்குப் போகிற அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர். போனை பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். முதல் முறை ஏழு நிமிடம் “சரிங்க சார், சரிங்க சார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது நம்ம வீட்டுப் பையன் என்று தெரிந்தும்! ஏன் வைக்கவில்லை என்றேன். “பேசிக்கிட்டு இருக்கிறவங்களைப் பாதியில எப்படிம்மா வைக்கிறது, மரியாதையா இருக்காதே” என்றார். எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வாசலில் வந்து நிற்பவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தே பழகிய ஊர் இது. அவர்கள் நம் பேராசையை மட்டுமா பிடிக்கிறார்கள்? நம் மரியாதையையும் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் வைப்பதற்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தோம்: “என் மகனைக் கேட்டுச் சொல்றேன்.” சொல்லிவிட்டு வைத்துவிடலாம், மரியாதைக்கும் குறைவில்லை. நாலாவது வாரம் அந்த அம்மா ‘கார்டு’ என்ற சொல்லைக் கேட்டதுமே வைத்துவிட்டார். மொத்த வகுப்பும் கை தட்டியது.

இடத்துக்குச் செலவு வேண்டாம். நூலகம், கோயில் மண்டபம், குழுக் கூட்டம் நடக்கும் திண்ணை, எது கிடைத்தாலும் போதும். நடவு, அறுப்பு நாட்களில் வைக்காதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரே விஷயம். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், எல்லோர் போனையும் கையில் வாங்கிப் பார்க்க முடியாது. பின் நம்பரை ஆதார் நகலின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பார்கள், திட்டாமல் கிழிக்கச் சொல்லுங்கள். 1930-ஐ ஒவ்வொரு போனிலும் ‘பணம் போச்சு’ என்ற பெயரில் சேமித்துக் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவர் வீட்டில் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வருகிற சபையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசினால் ஆட்கள் தானாக வருவார்கள்.

கேள்வி: அப்பாவிடம் பட்டன் போன்தான். அவருக்கு இந்த வகுப்பு தேவையா?
– வாசகி, நீடாமங்கலம்

பதில்: தேவைதான். ஓடிபி பட்டன் போனுக்கும் வரும், மிரட்டும் அழைப்பும் வரும். அதைவிட, ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுப்பாரே, அதைக் கவனிக்க வேண்டும். “ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க” என்றால், முதலில் வைத்தது விழவில்லை என்பதற்கு ரசீது கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான முகவர்கள் நேர்மையாக வேலை செய்கிறார்கள், ரசீது கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்படி எடுக்கும் பழக்கமே அவருக்கு இல்லை என்றால் ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அவருடைய எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை நாலரை மணிக்கு அழைத்து வாருங்கள். பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து எடுத்து வரட்டும், உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.