கேள்வி பதில்: லூப் இல்லாமல் ஆப்ஜெக்டை நிரப்ப முடியுமா?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) மூன்று மதிப்புகள் இருக்கின்றன. அவற்றை வரிசையாக ஒரு ஆப்ஜெக்டின் மூன்று ப்ராப்பர்ட்டிகளில் (அதற்குள் பெயரிட்ட இடங்களில்) போட வேண்டும். இதற்குப் போய் லூப் எழுதுவதா, இல்லை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரியா? ஒரே வரியில் முடியாதா?

பதில்: முடியும். 2015-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பான இஎஸ்6-லேயே இதற்கு வழி இருக்கிறது, அரேயைப் பிரித்து மதிப்புகளைத் தனித்தனி இடங்களில் போடும் இதற்கு டீஸ்ட்ரக்சரிங் என்று பெயர். புது வேரியபிள்களை அறிவிக்க மட்டும்தான் அது உதவும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சமக்குறிக்கு இடப்பக்கம் எதெல்லாம் வரலாமோ அதெல்லாம் கீழே உள்ள சதுர அடைப்புக்குள்ளும் வரலாம், ஆப்ஜெக்டின் ப்ராப்பர்ட்டியும் சேர்த்துத்தான்.

[ஆள்.பெயர், ஆள்.வயது, ஆள்.உயரம்] = விவரம்;

அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் இந்த வரியை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம், ஆள் என்ற ஆப்ஜெக்டும் விவரம் என்ற அரேயும் முன்பே இருக்க வேண்டும். நடுவில் ஒரு மதிப்பு வேண்டாமென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு கமா மட்டும் போடுங்கள். மதிப்பு வராமல் போகலாம் என்றால் ஆள்.வயது = 0 என்று உள்ளேயே கொடுத்துவிடலாம், ஆனால் அன்டிஃபைன்டு (undefined, மதிப்பே தரப்படவில்லை) வந்தால்தான் அந்த 0 விழும், நல் (null, வேண்டுமென்றே காலி என்று குறித்தது) வந்தால் அந்த null-ஏ போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு இடத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். மேல் வரியின் கடைசியில் அரைப்புள்ளி போடாமல் விட்டால்:

எண்ணிக்கை = 3
[ஆள்.பெயர், ஆள்.வயது, ஆள்.உயரம்] = விவரம்;

நமக்கு இது இரண்டு வரி, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரே வரி. 3-ஐ ஒட்டி அடைப்பு வருவதால் அதை 3-இன் ஒரு ப்ராப்பர்ட்டி என்று எடுத்துக்கொள்கிறது, கடைசியில் ஆள் காலியாகவே கிடக்க, எண்ணிக்கைக்குள் முழு அரேயும் போய்விடும். ஸ்ட்ரிக்ட் மோடு (ஜாவாஸ்கிரிப்ட் விதிகளைக் கறாராகப் பார்க்கும் நிலை) இல்லையென்றால் எரர்கூட வராது! பிழை தெரிவது எங்கோ பத்து வரி தள்ளி, எண்ணிக்கையைக் கூட்டும்போது. எனக்கு ஒரு மதியம் முழுக்க இதில் போயிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன், அடைப்பில் தொடங்கும் வரிக்கு முந்தைய வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ப்ராப்பர்ட்டி பெயர்களே இன்னொரு அரேயில் வந்தால்? எத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரியாது.

பதில்: அப்போது டீஸ்ட்ரக்சரிங் சரிப்படாது. பெயர் அரேமேல் மேப் (ஒவ்வொரு உறுப்பையும் மாற்றிப் புது அரே தரும் வசதி) ஓட்டி, ஒவ்வொரு பெயரையும் அதே இடத்தில் உள்ள மதிப்போடு ஜோடியாக்கி, அந்த ஜோடிகளை ஆப்ஜெக்ட்.ஃப்ரம்என்ட்ரீஸிடம் கொடுங்கள், புது ஆப்ஜெக்டாகவே திரும்பி வரும். இது 2019-ல் வந்தது. ஏற்கெனவே இருக்கிற ஆப்ஜெக்டில்தான் சேர்க்க வேண்டும் என்றால் அதை ஆப்ஜெக்ட்.அசைன் வழியாக இணைத்துவிடலாம். சிலர் அரேயையே நேராக அசைனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் 0, 1, 2 என்ற பெயரில்தான் ப்ராப்பர்ட்டிகள் வரும். மேப்புக்குள்ளேயும் லூப் ஓடத்தான் செய்கிறது, அதனால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், படிக்க எளிது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பைத்தானில் இதே வேலையை ஜிப்பும் (zip, ஜோடி சேர்ப்பது) டிக்டும் (dict, ஜோடிகளைப் பெயர்-மதிப்புத் தொகுப்பாக்குவது) சேர்ந்து செய்யும், ஆனால் ஒரு பட்டியல் குட்டையாக இருந்தால் ஜிப் சத்தமில்லாமல் அங்கேயே நின்றுவிடும். 3.10 பதிப்பிலிருந்து ஜிப்பிடம் strict=True என்று சொன்னால் எரர் தரும், அதைப் போட்டே பழகுங்கள். பிஎச்பி 8-இல் இதே வேலையைச் செய்யும் அரே கம்பைன் (array_combine) தானாகவே எரர் தரும். ஜாவாஸ்கிரிப்டில் மதிப்புகள் குறைந்தால் மிச்சப் பெயர்களுக்கு அன்டிஃபைன்டுதான், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ஆகவே ஜோடி சேர்ப்பதற்கு முன் இரண்டு அரேயின் நீளமும் ஒன்றுதானா என்று நீங்களே ஒரு இஃப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.