விமான யோக்குக்குத் தோல் தைத்த ஆசாரி மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: மலேசியாவில் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்பி தேவகோட்டையில் இருக்கிறேன். தனியார் விமானி உரிமம் உண்டு. சொந்த உபயோகத்துக்காக 1970களில் தயாரான நான்கு இருக்கை விமானம் ஒன்று வாங்கி, வெளியூரில் ஒரு ஹேங்கரில் நிறுத்தியிருக்கிறேன். அதன் இரண்டு யோக்குகளும் (விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடிகள்) பெயின்ட் உரிந்து அசிங்கமாக இருந்தன. விமான உள்அலங்கார வேலை எடுத்துச் செய்வதாகச் சொன்ன சென்னைக்காரர் ஒருவரிடம் 1,60,000 ரூபாய் கொடுத்தேன். ‘பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அவருடைய மெக்கானிக்கே வந்து யோக்கைக் கழற்றினார். பிறகுதான் தெரிந்தது, வேலையைக் காரைக்குடியில் ஓர் ஆசாரியிடம் கொடுத்திருக்கிறார் என்று. ஆசாரி பழைய பெயின்ட்டைச் சுரண்டி, புது வண்ணம் அடித்து, தோல் தைத்து, ரேடியோவில் பேசும் பட்டனுக்குப் புதிதாக ஒரு துளையும் போட்டிருக்கிறார். பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் விமானப் பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட மறுக்கிறார். ஒரு யோக் என்னிடம் இருக்கிறது. இன்னொன்றை, 18,000 ரூபாய் பாக்கி வந்தால்தான் தருவேன் என்கிறார் ஆசாரி. சென்னைக்காரர் போன் எடுப்பதில்லை. ஆசாரி மேல் 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? ‘இது வெறும் அழகு வேலைதானே, அமெரிக்காவில் விமானியே செய்துகொள்ளலாம், மாட்டிக்கொண்டு பற’ என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பறக்காதீர்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யோக் என்பது பார்வைக்கு கார் ஸ்டீயரிங் மாதிரி இருக்கும். திருப்பினால் இறக்கையின் ஓரத்தில் உள்ள மடிப்புகள் அசையும், தள்ளினாலும் இழுத்தாலும் வாலில் உள்ள தட்டு அசையும். விமானம் சாய்வதும் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் அந்தக் கைப்பிடி வழியாகத்தான். காரில் ஸ்டீயரிங் ஆடினால் பிரேக் போட்டு ஓரம் கட்டலாம். ஆயிரம் அடி உயரத்தில் ஓரம் கட்ட இடமில்லை.

நீங்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆசாரியின் கை சுத்தமான கை. தையல் பிசகாமல் ஒரே அளவில் போகிறது, துளையின் ஓரத்தில் பிசிறு இல்லை. ஆனால் என்னை நிறுத்தியது மூன்றாவது படம். யோக்கின் கொம்பு நடுத்தண்டோடு சேரும் மூலையில், புது வண்ணத்துக்கு அடியில் விரல்நகம் அளவுக்கு லேசான மேடு தெரிகிறது. அதைப் பற்றி ஆசாரியிடம் நீங்கள் கேட்டபோது, ‘அதுல முடி மாதிரி ஒரு கீறல் இருந்துச்சு ஐயா, எம்சீல் வச்சு அடைச்சுத் தேச்சுட்டேன், கார் ஸ்டீயரிங்குன்னுதான சொன்னாக’ என்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

உலோக வார்ப்பில் முடி மாதிரிக் கீறல் என்றால் அது பெயின்ட் கீறலாகவும் இருக்கலாம், உலோகத்தின் விரிசலாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெயின்ட்டை எடுத்துவிட்டு, ஊடுருவும் சிவப்புச் சாயம் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தூவுவார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் மேலே கசிந்து, வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். பட்டி வைத்து அடைத்துத் தேய்த்த இடத்தில் அந்தச் சாயம் உள்ளே போகாது. அழகுபடுத்தும்போதே அடையாளமும் அழிந்துவிடுகிறது. தோல் உறை அதற்கும் மேல் ஒரு திரை. இது கற்பனைப் பயமில்லை. பைப்பர் நிறுவனத்தின் சில பழைய சிறு விமானங்களில் இந்தக் கைப்பிடிச் சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அமெரிக்க விமானத்துறை 1969-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் பொறியாளர் மறுத்ததைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்.

இனி சட்டம். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய வாயுயான் அதிநியம் 2024 வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகள் பழைய சட்டத்தோடு போய்விடவில்லை. அந்த விதிகளில் 55-ஆவது விதியை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விதிகளுக்குப் புறம்பாக விமானத்தில் மாற்றமோ பழுதுநீக்கமோ செய்தால், அதன் பறக்கும் தகுதிச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டதாகவே கருதப்படும். யாரும் வந்து நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை. அந்த யோக்கை மாட்டினால், அந்த நிமிடத்திலிருந்து உங்கள் சான்றிதழ் வெறும் காகிதம். அப்படிப் பறந்து ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். விதிமீறல் அபராதத்தின் உச்சவரம்பும் 2020 திருத்தத்தில் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்ந்துவிட்டது.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்க விதிகளின் 43-ஆம் பகுதியில், காக்பிட் உட்புறத்துக்கு அலங்கார வண்ணம் பூசுவதை விமானியே செய்யலாம் என்று இருக்கிறது. ஆனால் அதே வரியிலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: முக்கியக் கட்டமைப்பையோ இயக்க அமைப்பையோ கழற்ற நேரக்கூடாது. யோக்கைக் கழற்றுவது இயக்க அமைப்பில் கை வைப்பதுதான் என்பேன். துளை போட்டது வண்ணம் பூசுகிற கணக்கிலேயே வராது. அப்புறம், அந்த விதி அமெரிக்கப் பதிவு விமானத்துக்கு. உங்களுடையது VT என்ற எழுத்துகளில் தொடங்கும் இந்தியப் பதிவு. நம் ஊரில் பறக்கும் கட்டுப்பாடுகளைக் கழற்றி மாட்டினால், ஒருவர் செய்ததை இன்னொருவர் தனியாகச் சரிபார்த்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். சென்னைக்காரர் அனுப்பிய மெக்கானிக் கழற்றியபோது விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் ஒரு வரிகூட எழுதவில்லை என்கிறீர்கள். தவறு அன்றைக்கே தொடங்கிவிட்டது. காரைக்குடியில் தொடங்கியதில்லை.

சரி, ஆசாரி விஷயம்.

அவர் மேல் வழக்குப் போடாதீர்கள். இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, அந்த வழக்கு நிற்காது. உங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு, பொருளை ஒப்படைக்கப்பட்டவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதை அவர் செய்திருக்கிறார். அவரிடம் சொல்லப்பட்டது கார் ஸ்டீயரிங். கார் ஸ்டீயரிங் என்று நம்பி அவர் செய்த வேலையில் குறை காண முடியாது. கீறலைக்கூட அவர் மறைக்கவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டார். விமானப் பாகம் என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்று அவர் கூண்டில் ஏறிச் சொன்னால் எந்த நீதிபதியும் நம்புவார். நானும் நம்புகிறேன். செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவையும் தூணையும் தலைமுறைகளாகச் சீர்செய்து காப்பாற்றி வரும் கைகள் இவை. அவரிடம் உண்மையை மறைத்து வேலை வாங்கியவர் செய்தது உங்களுக்கு மட்டும் இழைத்த அநீதி அல்ல.

அவர் இரண்டாவது யோக்கைப் பிடித்து வைத்திருப்பதும் அடாவடி இல்லை. அதே சட்டத்தின் 170-ஆவது பிரிவு, ஒரு பொருளில் தன் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. கூலி தர வேண்டியவர் சென்னைக்காரர், பொருளின் சொந்தக்காரர் நீங்கள் என்பதால், அந்த உரிமை உங்களுக்கு எதிராகச் செல்லுமா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். 18,000 ரூபாய்க்காக அந்த வாதத்தில் வருடங்களைக் கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசாரியிடம் 18,000 ரூபாயைக் கொடுத்து, சென்னைக்காரர் தர வேண்டிய பாக்கியை அவர் சார்பில் கட்டியதாகக் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். அந்த 18,000-ஐ சென்னைக்காரரிடம் கேட்கும் தொகையில் சேர்ப்போம். ரசீதோடு, தன்னிடம் என்ன சொல்லி வேலை தரப்பட்டது, கீறலை எங்கே எப்படி அடைத்தேன் என்று அவர் ஒரு வாக்குமூலம் எழுதித் தந்தால், உங்கள் வழக்கின் பலமான சாட்சி அவர்தான்.

வழக்கு சென்னைக்காரர் மேல். பணம் வாங்கியவர் அவர், பேப்பர் தருகிறேன் என்றவர் அவர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது தெளிவான சேவைக் குறைபாடு. அவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 34-ஆவது பிரிவு இடம் தருகிறது. தேவகோட்டை என்பதால் உங்களுக்குச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். (திருமயம் பக்கம் வீடு என்றால் புதுக்கோட்டை. எல்லை தெரியாமல் தவறான ஆணையத்தில் போட்டு மாதக்கணக்கில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) மாவட்ட ஆணையத்தின் வரம்பு, நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். யோக் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு ஒன்று நிச்சயம் கேட்கும்: விமானம் வைத்திருப்பவர் நுகர்வோரா? வாடகைக்கோ பயிற்சிக்கோ விட்டிருந்தால் வணிக நோக்கம் என்று தள்ளிவிடுவார்கள். 1995-ல் லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருளின் விலையைப் பார்க்காதே, அது எதற்குப் பயன்படுகிறது என்று பார் என்ற வழியைக் காட்டியது. சொந்த உபயோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு மணி நேரமாவது வாடகைக்கு விட்டதுண்டா? உண்டென்றால் அதை இப்போதே என்னிடம் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் சமாளிக்க முடியாது.

5 லட்சம் என்ற எண்ணையும் யோசியுங்கள். கொடுத்த 1,60,000, ஆசாரிக்குக் கட்டும் 18,000, விமானத்தில் மாட்டத் தகுதியானது என்ற உரிய வெளியீட்டுச் சான்றோடு வாங்கும் மாற்று யோக்கின் விலை, விமானம் சும்மா நின்ற மாதங்களின் ஹேங்கர் வாடகை. இவற்றுக்கு ரசீது இருந்தால் நியாயமாகக் கேட்கலாம். போக முடியாமல்போன பயணங்களுக்கும் மன உளைச்சலுக்கும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். விமானச் சொந்தக்காரர் என்ற முறையில், லாக்புக் எழுதாமல் யோக்கைக் கழற்ற விட்டது உங்கள் பங்குத் தவறு. ஆணையம் அதைக் கவனிக்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள், அதைச் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று பிறகு ஆட்சேபிப்பது கடினம். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புவோம்.

அதற்கு முன் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. யோக்குகளை நீங்களாகப் பிரிக்காதீர்கள், பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். அவைதான் சாட்சியப் பொருள். பொறியாளர் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டு, தையலை ஆசாரியையே பிரிக்கச் சொல்லுங்கள். உலோகத்தில் புதுக் கீறல் விழாமல் பிரிக்க அவரால்தான் முடியும். பிறகு அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தில் சாயச் சோதனை செய்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். விரிசல் என்று வந்தால், வழக்கு முடிந்த கையோடு அந்த யோக்கை யாரும் திரும்ப மாட்ட முடியாதபடி அறுத்துவிடுங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இந்த மாதிரிப் பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும். முழுசாக அது கடைக்குப் போகக்கூடாது.

ஆசாரிக்கு 18,000 ரூபாயை நாளையே கொண்டுபோய்க் கொடுங்கள். நீங்களே நேரில் போவது நல்லது.