பவளத்தின் மேல் படிந்த வண்டலைத் துடைக்கலாமா?

பக்கத்தில் தூர்வாரும் வேலை தொடங்கியதிலிருந்து நீங்கள் முக்குளிக்கும் பவளத்திட்டின் மேல் சாம்பல் பூசினாற்போல வண்டல் படிகிறது, பிரஷ் வைத்துத் துடைக்கலாமா, கழுவித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

துடைக்காதீர்கள். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் மேலே இருப்பது மெல்லிய உயிர்த்தோல். பிரஷ் பட்டால் கிழியும், கிழிந்த இடத்தில் பாசி வந்து உட்காரும். கொஞ்சம் படிந்தால் பவளமே சமாளித்துக்கொள்ளும்: சளி விட்டுத் துகள்களைக் கட்டும், மீதியை நீரோட்டம் இழுத்துப் போகும். விளிம்பில் சாம்பல் நிறச் சளி இழைகள் ஆடிக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள், உள்ளே உயிர் இருக்கிறது.

ஆனால் அந்தச் சளி சும்மா வருவதில்லை. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பது. தண்ணீர் கலங்கினால் வெயில் குறையும், அதாவது வரவு குறைகிற அதே நேரத்தில் செலவு ஏறும். அப்புறம், மணலைவிட அழுகல் கலந்த மென்சேறுதான் மோசம், ஏனென்றால் அதில் இருக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சை உண்டாக்கும். உருண்டைப் பவளத்தின் உச்சிக் குழியில் கையால் தண்ணீரை மெல்ல விசிறிப் பாருங்கள். வண்டல் விலகி, கீழே தோலில்லாத வெள்ளை எலும்பு தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. முழுக்க மூடினால் சில இனங்கள் ஒரு நாள்கூடத் தாங்காது, கெட்டியானவை இரண்டு வாரத்துக்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும்.

"கலங்கலிலும் பவளம் வளர்கிறதே" என்று உங்களிடம் சொல்வார்கள். வளர்கிறதுதான். ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டான கிரேட் பாரியர் ரீஃபின் கரையோரத்திலேயே அப்படித் திட்டுகள் உண்டு, காளான் பவளம் உடம்பை ஊதி வண்டலை உதறவும் செய்யும், சில இனங்கள் மிதக்கும் துகளையே பிடித்துத் தின்னும். ஆனால் அவை அந்தத் தண்ணீரிலேயே பிறந்து, அதைத் தாங்கித் தேறி நின்றவை. தெளிந்த நீரில் வளர்ந்த தட்டுப் பவளத்தின் மேல் ஒரே மாதத்தில் சேற்றைக் கொட்டிவிட்டு அவற்றைக் காட்டுவது, பாலைவனத்தில் ஒட்டகம் இருக்கிறதே என்று எருமையை அங்கே ஓட்டிவிடுவது போலத்தான்.

கழுவுகிறவர் கிளப்பும் வண்டல் பக்கத்துப் பவளத்தில் போய் இறங்கும், வேலை நடக்கிறவரை திரும்பத் திரும்ப படியும், அவருக்கும் திரும்பத் திரும்ப காசு. தூர்வாருகிறவர்களோ, வண்டல் பரவாமல் தண்ணீரில் தொங்கவிடும் தடுப்புத் திரை கட்டியிருக்கிறோம் என்பார்கள். நீரோட்டமும் அலையும் உள்ள இடத்தில் அது பாவாடை மாதிரி தூக்கிக்கொள்ளும். எனக்கு எரிச்சல் வருவது தூர்வாருவதன் பாதிப்பைப் பற்றிய அறிக்கைகளில்தான். அமைதியான நாளாகப் பார்த்துக் கலங்கலை அளப்பார்கள், மாதச் சராசரி போடுவார்கள், பாதிப்பில்லை என்று கையெழுத்து. அன்றைக்குத் தண்ணீர் தெளிந்திருக்காமல் என்ன செய்யும், எல்லாம் கீழே இறங்கிப் பவளத்தின் மேல் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! கலங்கல் மீட்டர் மிதப்பதைத்தான் அளக்கும், படிந்ததை அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது, பத்துப் பவளத்தைக் குறித்துவைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதியோடு படம் எடுப்பது. புகாரில் அதை இணையுங்கள். முட்டையிடும் நாட்களிலாவது தூர்வாருவதை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வண்டல் மூடிய பாறையில் பவளக் குஞ்சு ஒட்டாது.