வெள்ளை மேடை ஆசையும் ஆறு பேர் சமையலும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு பேர். காலை ஐந்து மணிக்குப் பற்றவைக்கும் அடுப்பு இரவு பத்துக்குத்தான் அணையும். பழைய கடப்பாக் கல் மேடையை எடுத்துவிட்டு வெள்ளை குவார்ட்ஸ் போட எனக்கு ஆசை. கணவர் கிரானைட்டே போதும் என்கிறார். எது நீடித்து உழைக்கும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் வீட்டுக்குக் கிரானைட்தான் சரி.

குவார்ட்ஸ் மோசமான பொருள் இல்லை. பொடித்த குவார்ட்ஸ் கல்லோடு பிசின் கலந்து அழுத்திச் செய்வது அது. எண்ணெய், தண்ணீர் எதுவும் எளிதில் உள்ளே இறங்காது. ஆனால் அந்தப் பிசினுக்குச் சூடு ஆகாது. காய்ந்த தோசைக்கல்லை அவசரத்தில் அப்படியே இறக்கி வைத்தால் பழுப்பாகத் தழும்பு விழுந்துவிடும், தேய்த்தாலும் போகாது. ஆறு பேருக்குச் சமைக்கிறபோது ஒவ்வொரு தடவையும் பிரிமணை தேட முடியுமா? போதாததற்கு, வெள்ளையில் மஞ்சள் தூள் வேறு.

மார்பிள் வேண்டவே வேண்டாம். அதுவும் கடப்பாவும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள், புளிப்பு பட்டால் அரித்துவிடும். உங்கள் பழைய மேடையில் எலுமிச்சை பிழிகிற இடம் மங்கிப்போயிருக்கும், பாருங்கள்.

கிரானைட்டிலும் நிறம் பார்த்து எடுங்கள். என் வீட்டில் வெளிர் நிறக் கல் போட்டேன். எண்ணெய்த் தூக்கு வைத்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இறங்கியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதனால் அடர் நிறமாக, புள்ளி ஓடிய கல்லாக இருக்கட்டும். ஆந்திராவின் சீமகுர்த்தியில் வெட்டியெடுக்கிற பிளாக் கேலக்ஸி இந்த வேலைக்கு அருமையான கல். கடையில் ஒரு துண்டு கேட்டு, அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். கறுத்த தடம் தெரிந்தால் அந்தக் கல் வேண்டாம். சாயம் ஏற்றிய கறுப்புக் கல்லும் விற்கிறார்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

நல்ல கல்லையும் வேலை கெடுத்துவிடும். அடுப்புக்காக ஓட்டை வெட்டும்போது முன்பக்கம் மிஞ்சுகிற ஒல்லியான பட்டைதான் முதலில் விரிசல் விடும். ஓட்டையின் மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டைக்கு அடியிலும், கிரைண்டர் நிற்கிற இடத்திலும் தாங்கு கட்டாயம் வேண்டும். விளிம்பை உருட்டிவிட்டு, அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது மெல்லிய பள்ளம், எடுக்கச் சொல்லுங்கள். சிந்துகிற தண்ணீர் அலமாரிக் கதவில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

அப்புறம் ஒன்று. எந்தக் கல்லாக இருந்தாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அறுப்பவர் முகக்கவசம் போடட்டும். அந்தத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும். தொழிலாளர்கள் பலர் இப்படி நோயில் விழுந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளுக்குத் தடை போட்டது.

முழுக் கூலியையும் கொடுப்பதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீரை மேடையில் ஊற்றிப் பாருங்கள். தொட்டிப் பக்கம் ஓட வேண்டும். சுவரோரம் தேங்கினால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லிவிடுங்கள்.