வரப்புப் புல்லும் மாட்டின் ஈரலும்

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தி பயிரிடுகிறோம். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து தெளிக்கும் அந்தக் காட்டின் வரப்புப் புல்லைத்தான் நான்கு ஆண்டுகளாக என் இரண்டு கறவை மாடுகளுக்குப் போடுகிறேன். இந்த மருந்து சிறிது சிறிதாகச் சென்றாலும் எலிகளின் ஈரலும் சிறுநீரகமும் கெட்டுவிடுவதாகப் படித்தேன். ஒரு மாடு மூன்று மாதங்களாக மெலிந்து வருகிறது. ஈரல் கெட்டிருக்குமோ?

கால்நடை மருத்துவர் பதில்: நீங்கள் படித்தது உண்மையே. ஆனால் அந்த ஆய்வுகளில் 'சிறிது' என்பது எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 135 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் கூறுகிறது. அதில் பத்தில் அல்லது இருபதில் ஒரு பங்கை நாள்தோறும் வாய்வழியே கொடுத்து, சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை கவனித்த ஆய்வுகள் பல உண்டு. அந்த எலிகளின் ஈரலை நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களுக்குள் வெற்றுக் குமிழ்கள் தெரியும். அவற்றிடையே இரத்தம் ஓடும் நுண்வழிகள் அகன்றிருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் உதிர்ந்து கிடக்கும். குளோர்பைரிபாஸை அதைவிட வீரியமான நச்சாக மாற்றுவதும், பிறகு அதை முறிப்பதும் பெரும்பாலும் ஈரலே என்பதாலும், முறிந்த மிச்சம் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதாலும், இவ்விரு உறுப்புகளும் அடிவாங்குகின்றன.

இந்த அளவை உங்கள் மாட்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். இருபதில் ஒரு பங்கு என்றால் 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு 2 கிராம். அதாவது கடையில் விற்கும் 20 விழுக்காட்டு மருந்தில் ஏறத்தாழ 10 மில்லி. வரப்பில் சிதறும் சாரல் ஆண்டு முழுவதும் நாள்தோறும் இந்த அளவுக்கு மாட்டின் வயிற்றுக்குள் போவது கடினம். ஆனால் தெளித்த அன்றோ மறுநாளோ அறுத்த புல்லுக்கு இந்த ஆறுதலைச் சொல்ல மாட்டேன். புல்லின் இலை மெலிதாகவும் பரப்பு மிகுந்தும் இருப்பதால், எடைக்கு எடை பார்த்தால் காயை விடப் பல மடங்கு மருந்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்று மாதமாக மெலியும் மாட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்சிமருந்து அன்று. குடற்புழு, ஈரல் தட்டைப்புழு, உண்ணி பரப்பும் தைலீரியா என்ற இரத்த நோய் ஆகியவைதான். ஆகவே சாணத்தையும், கண்ணாடித் துண்டில் தடவிய இரத்தத்தையும் முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஈரலை அறிய, மனிதர்களுக்குப் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. என்ற இரத்தப் பரிசோதனை மாட்டுக்கு அதிகம் உதவாது, ஜி.ஜி.டி. என்ற நொதியைப் பார்ப்பதே பொருத்தம். மருந்தின் பாதிப்பை அறிய, அது முடக்கிவிடும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்க்க வேண்டும். மாட்டில் இந்த நொதி பெரும்பாலும் சிவப்பணுக்களில் இருப்பதால், தெளிநீரை மட்டும் பிரித்து அனுப்பாமல், உறையாத முழு இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இதற்கு வசதி இல்லையென்றால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன்: பருத்திக்கு வாங்கிய மருந்தை உண்ணிக்காக மாட்டின் மேல் தடவியதுண்டா? தெளிப்பானைத் தண்ணீர்த் தொட்டியருகே கழுவுவதுண்டா? ஆண்டுக் கணக்கான வரப்புப் புல்லைவிட இவற்றால் வரும் கேட்டுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். இருந்தால், இன்றே நிறுத்திவிடுங்கள்.

தெளித்த பிறகு குறைந்தது இரண்டு வாரங்களுக்கு அந்த வரப்பில் புல் அறுக்காதீர்கள். அதுவரை வைக்கோலோ சோளத்தட்டையோ போடுங்கள். மருந்து நின்றுவிட்டால், மிகவும் கெட்டுப்போகாத ஈரல் பெருமளவுக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். இளம் உயிர்களின் உடலில் இந்த நச்சை முறிக்கும் ஆற்றல் குறைவு என்பதால், கன்று இருந்தால் அதற்கு அந்த வரப்புப் புல்லே வேண்டாம். எச்சில் ஒழுகுதல், கண்ணீர் வடிதல், தசை நடுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். என்ன மருந்து தெளித்தீர்கள் என்று அவர் அறிய, காலிப் புட்டியையும் கையில் வைத்திருங்கள்.