மிரர்லெஸ் வாங்குவதா, பாக்கெட்டில் அடங்கும் காம்பேக்ட் வாங்குவதா?

ஆண்டுக்கு இரண்டு பயணம், வீட்டில் ஆறு வயது மகள், கைப்பேசியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிறைவில்லை. இந்த நிலையில் லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் வாங்குவதா, பாக்கெட்டில் அடங்கும் காம்பேக்ட் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் உங்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பெட்டியோடு வரும் கிட் லென்ஸைத் தவிர இன்னொரு லென்ஸை அடுத்த ஓராண்டுக்குள் வாங்குவீர்களா? வாங்குவீர்கள் என்றால் மிரர்லெஸ். வாங்கமாட்டீர்கள் என்றால் காம்பேக்ட். மற்ற ஒப்பீடுகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

நான் முதலில் வாங்கியது மிரர்லெஸ்தான். ஏபிஎஸ்-சி எனும் அளவுள்ள சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட பாடியும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும், 16-50 மி.மீ. கிட் லென்ஸும் (இந்த எண் கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்) சேர்ந்த பெட்டியை வாங்கும்போது, இப்போதைக்கு இது இருக்கட்டும், பிறகு நல்ல லென்ஸாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் 'பிறகு' வருவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை நான் எடுத்த எந்தப் படத்தையும் ஒரு நல்ல காம்பேக்டில் அப்படியே எடுத்திருக்கலாம் என்பது, பின்னர் காம்பேக்ட் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதற்குக் காரணம் என் திறமைக்குறைவு மட்டும் அன்று. கணக்கும் அப்படித்தான் சொல்கிறது.

கடையில் பேச்சு எப்போதும் சென்சாரின் அளவிலேயே தொடங்கும். ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., அதாவது 367 சதுர மி.மீ. நல்ல காம்பேக்டுகளில் இருக்கும் 'ஓரங்குல' சென்சாருக்குப் பெயரில்தான் அங்குலம் இருக்கிறது. பழைய வீடியோ கேமராக்களின் குழாய் விட்டத்தை வைத்துப் பெயரிட்ட வழக்கத்தின் எச்சம் அது. அளந்தால் 13.2 × 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. தான். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம் என்றதும் மிரர்லெஸ்தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் சென்சார் ஒரு பாத்திரம் மட்டுமே. அதில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பைப் பொறுத்தது; எஃப் என்று குறிக்கும் அதன் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. சென்சாரின் பரப்பை அப்பர்ச்சர் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை, ஒரே ஷட்டர் வேகத்தில் (ஒளி விழ விடும் நேரம்) இரண்டு கேமராக்களுக்குக் கிடைக்கும் மொத்த ஒளியை ஒப்பிடும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

போட்டுப் பாருங்கள். 2014-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8, 116-ஐ 1.8-இன் வர்க்கமான 3.24-ஆல் வகுத்தால் 36. ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கிட் லென்ஸ் அதே கோணத்தில் எஃப் 3.5, 367-ஐ 12.25-ஆல் வகுத்தால் 30. ஜூம் முழுவதும் நீண்ட நிலையில் காம்பேக்ட் எஃப் 2.8, கிட் லென்ஸ் எஃப் 5.6, விடை முறையே 15, 12. மூன்று மடங்கு சிறிய சென்சார் கொண்ட கேமரா, இரண்டு முனையிலும் சற்று அதிகமாகவே ஒளியைப் பிடிக்கிறது. பின்னணி மங்கலாவதும் ஏறக்குறைய இதே எண்களைப் பின்பற்றியே நடக்கும் என்பதால், 'பெரிய கேமரா வாங்கினால் பின்னணி கரையும்' என்று நினைத்துக் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஏபிஎஸ்-சியைவிடச் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை மிரர்லெஸ் கேமராவின் கிட் லென்ஸுக்கு இந்தக் கணக்கு 18 என்றுதான் வரும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒளி தாராளமாகக் கிடைக்கும் நண்பகல் வெயிலில் பெரிய சென்சாருக்கு உண்மையான மேன்மை உண்டு. அதிக ஒளியைத் தாங்கிக்கொள்ளும் ஆற்றல் இருப்பதால், வெளுத்த வானத்தையும் திண்ணை நிழலையும் ஒரே படத்தில் காப்பாற்றுவது அதற்கு எளிது. ரா கோப்பில் (சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்துக் கணினியில் சரிசெய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். ஜேபெக் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

இப்போது அதே மிரர்லெஸ் பாடியில் 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸை, அதாவது ஜூம் இல்லாத லென்ஸை மாட்டுங்கள். 367-ஐ 3.24-ஆல் வகுத்தால் 113. காம்பேக்டின் 15-க்கும் இதற்கும் இடையே ஏழு மடங்குக்கும் மேல் இடைவெளி. இந்த எண்ணை நான் உணர்ந்தது அண்ணன் மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சியில். முதல் ஆண்டு கிட் லென்ஸோடு போனேன். மேடையில் மஞ்சளும் சிவப்புமாக மங்கிய விளக்குகள், எஃப் 5.6-இல் 1/250 வினாடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்; கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400-க்குப் போயிற்று. வேகத்தை 1/60-க்கு இறக்கியபோது, அரைமண்டியில் நின்ற உடல் கூர்மையாக இருக்க, அலபத்ம முத்திரை பிடித்த விரல்கள் மட்டும் ஈரத் தாளில் வைத்த மைபோலப் பரவியிருந்தன. மறு ஆண்டு, கடைசியில் வாங்கிய அந்த எஃப் 1.8 லென்ஸோடு போனபோது, அதே மண்டபத்தில் அதே 1/250 வினாடிக்கு ஐஎஸ்ஓ 640-ஐ ஒட்டியே போதுமானதாக இருந்தது. நகப்பூச்சும் தெரிந்தது. மிரர்லெஸ் கேமராவுக்குக் கொடுத்த பணம் எனக்கு அன்றுதான் செரித்தது.

ஆனால் அந்த லென்ஸைத் தாராசுரத்துக்குக் கொண்டுபோய் நான் பட்ட பாடும் உண்டு. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஐராவதேசுவரர் கோயிலில், இராசகம்பீரன் மண்டபத்துத் தூண்களில் உள்ளங்கையில் அடங்கும் அளவில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள் இருக்கின்றன. 50 மி.மீ. லென்ஸில் சிற்பத்தை நெருங்கினால் ஃபோகஸ் கிடைக்கவில்லை. மண்டபம் முழுவதையும் எடுக்கப் பின்னால் போனால் சுவரில் முதுகு இடித்தது. லென்ஸை மாற்றி மாற்றி மாட்டியதில், என் மனைவி இரண்டு முறை மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டாள். அடுத்த முறை காம்பேக்டை மட்டும் எடுத்துப் போனேன். அது அகலக் கோணத்தில் 5 செ.மீ. வரை நெருங்கும்; அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே சிற்பத்தின் மேல் விழும் என்பதையும் அங்கேதான் கற்றேன். ஓரடி பின்வாங்கி ஜூமை நீட்டினால் நிழல் விலகுகிறது, தூணின் உளிக்கோடுகள் வரை பதிவாகின்றன. பையில் வைப்பதும் எடுப்பதும் ஒரே கையில் முடிந்ததால், சுற்றுலாவுக்கு வந்தவனாக இருந்தேன், படம்பிடிக்க வந்தவனாக இருக்கவில்லை.

எடையைப் பற்றி இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் எடையைவிடத் தடிமனே தீர்மானிக்கிறது. ஆர்எக்ஸ்100 மார்க் 3 சுமார் 290 கிராம். ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராக்களில் இலேசான சோனி ஏ6000, கிட் லென்ஸோடு சேர்த்துச் சுமார் 460 கிராம். 170 கிராம் வேறுபாடு எந்தத் தோளையும் ஒடிக்காது. ஆனால் முதலாவது பாக்கெட்டில் போகிறது, இரண்டாவதற்குத் தனியாக ஒரு பை வேண்டும். பை எடுக்க வேண்டிய கேமரா, மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் மாலையில் வீட்டிலேயே தங்கிவிடும். கல்யாண வீட்டில் இன்னொரு வேறுபாடும் தெரியும்: மிரர்லெஸைக் கண்ணில் வைத்தால் பந்தியில் இருப்பவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்கள், காம்பேக்டை யாரும் பொருட்படுத்துவதில்லை.

காம்பேக்டிலும் ஓடும் குழந்தைக்கு எல்லாம் ஒத்துவராது. மேலே சொன்ன மார்க் 3-இன் ஆட்டோஃபோகஸ், கேமராவை நோக்கி ஓடிவரும் குழந்தையிடம் தோற்றுவிடும். 2016-இல் வந்த மார்க் 5-இல்தான் சோனி இந்த வரிசைக்குக் கட்ட வேறுபாட்டு (ஃபேஸ் டிடெக்‌ஷன்) ஆட்டோஃபோகஸை, அதாவது நகரும் பொருளை விரைவாகப் பின்தொடரும் முறையைக் கொண்டுவந்தது. 2019-இன் மார்க் 7 ஃபோகஸில் இன்னும் விரைவானது, முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம்) கேமராவின் 200 மி.மீ.க்கு இணையாக நீள்வது, அந்த நீளத்துக்கு விலையாக அப்பர்ச்சர் எஃப் 2.8-இல் தொடங்கி 4.5-இல் முடிகிறது. நம் கணக்கில் 15-இல் தொடங்கி 6-க்கு இறங்கிவிடும். பகலில் பயணம் போவோருக்கு அது பொருத்தம், வீட்டு விளக்கொளியில் குழந்தையை எடுப்போருக்கு அன்று. ஜூமே வேண்டாம் என்பவராக இருந்தால் 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3-ஐத் தேடிப் பாருங்கள்: ஏபிஎஸ்-சி சென்சார், 28 மி.மீ.க்கு இணையான எஃப் 2.8 லென்ஸ், கணக்கில் 47, எடை 257 கிராம். பாக்கெட்டில் இதைவிட நல்ல படம் தரும் கருவியை நான் கையாண்டதில்லை. ஆனால் பேட்டரி 200 படங்களை ஒட்டித்தான் வரும், எதிரே இருப்பதை நெருங்க வேண்டுமென்றால் நீங்கள்தான் நடக்க வேண்டும். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையையும் காம்பேக்ட் என்றே எழுதுகிறார்கள். 2024-இன் எக்ஸ்100-6 521 கிராம். நல்ல கேமரா, பாக்கெட் கேமரா அன்று.

மலிவு விலைக் காம்பேக்டுகள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றின் சென்சார் பெரும்பாலும் 28 சதுர மி.மீ. தான், எஃப் 3.3 லென்ஸோடு கணக்கிட்டால் மூன்றைக்கூடத் தொடாது. உயர்விலைக் கைப்பேசிகள் சிலவற்றின் முதன்மைக் கேமராவே இருபதை ஒட்டி வருகிறது, பல படங்களை இணைக்கும் மென்பொருள் உதவியும் அதற்கு உண்டு. இந்த வகைக் கேமராக்களைக் கைப்பேசி விழுங்கியது இப்படித்தான்: லென்ஸைக் கழற்ற முடியாதபடி பொருத்திய கேமராக்கள் 2010-இல் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டதாகச் சொல்லும் ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கு, 2023-இல் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. மிஞ்சி நிற்பவை சில நல்ல மாதிரிகள்தான். அவற்றின் விலை, தொடக்கநிலை மிரர்லெஸ் பெட்டியின் விலையைத் தொடும், சில வேளைகளில் தாண்டும். 'சிறியது, ஆகவே மலிவு' என்று நினைத்துக் கடைக்குப் போகாதீர்கள்.

பழுது பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்பு என்னிடம் இருந்த வேறொரு காம்பேக்ட், தனுஷ்கோடி மணலில் ஒரு பிற்பகல் கழிந்த பிறகு, லென்ஸ் பாதி வெளியே வந்த நிலையில் கரகரவென்று அரைத்து நின்றுவிட்டது. லென்ஸ் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கேமரா விலையில் பாதியைக் கேட்டார்கள். நான் மாற்றவில்லை, அது இன்றும் மேசை இழுப்பறையில் நாக்கை நீட்டியபடி கிடக்கிறது. மிரர்லெஸில் தூசி சென்சாரில் படிந்தால் காற்றூதும் ரப்பர் பந்தால் நீங்களே ஊதிவிடலாம், லென்ஸ் கெட்டால் லென்ஸை மட்டும் மாற்றலாம். கடற்கரை ஊர்க்காரராக இருந்தால் எதை வாங்கினாலும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படரும்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். கைப்பேசியைத் திறந்து, சென்ற ஆண்டு எடுத்தவற்றில் உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைப் பாருங்கள். மகள் வீட்டுக்குள் ஓடும், ஆடும், மெழுகுவத்தி ஊதும் படங்கள் பாதிக்கு மேல் இருந்தால், பழைய மாதிரியானாலும் ஓர் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் பாடியையும் 35 மி.மீ. எஃப் 1.8 அல்லது எஃப் 2 லென்ஸ் ஒன்றையும் வாங்குங்கள். கிட் லென்ஸ் இல்லாத பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. பயணமும் பகலும் கோயிலும் மலையும் அதிகமாக இருந்தால் எஃப் 1.8-இல் தொடங்கும் ஓரங்குலக் காம்பேக்ட். கடைக்குப் போகும்போது வழக்கமாகப் பயணத்தில் போடும் கால்சட்டையையே போட்டுக்கொண்டு போங்கள். ஆர்எக்ஸ்100 மார்க் 3-இன் 41 மி.மீ. தடிமன் தாளில் ஒன்றுமில்லைபோலத் தோன்றும். கேமராவை முன்பக்கப் பாக்கெட்டில் போட்டு, கடை நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். தொடையில் இடித்தால், மேலே சொன்ன ரிக்கோவின் 33 மி.மீ.யையும் அதே நாற்காலியில் சோதித்துவிடுங்கள்.